மோட்டார் சத்தம் கேட்கும் முனை

வியாழன், காலை 5.40. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் வண்டியில் ஏறினேன். மரக்காணத்துக்கு நாற்பது ரூபாய். மடியில் ஐஸ் பெட்டி. நோய்ப்பட்ட கோழிகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் சளி எடுத்துவந்து, அதில் எந்த பாக்டீரியா வளர்கிறது என்று ஆய்வகத்தில் கண்டறிவது என் வேலை.

"பெட்டியில மீனா சார்?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. கோழிக்குச் சளி டெஸ்ட்."

"அதுக்குமா? அப்படியே எனக்கும் ஒண்ணு பாத்துடுங்க" என்று இருமிக் காட்டினார்.

6.55. மரக்காணம். அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர். மும்தாஜின் பண்ணை உப்பளத்தை ஒட்டியது. நூற்றைம்பது அடிக் கொட்டகையில் இரண்டாயிரம் கறிக்கோழிகள், வயது இருபத்தாறு நாள். கணவர் காதர் நான்கு வருடமாகக் குவைத்தில் டிரைவர்.

"இந்த பேட்ச் நல்லா போச்சுன்னா விசா புதுப்பிக்காம வந்துடறேன்னு சொல்லிருக்காரு சார். நாளைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணுமாம்."

"கோழிக்கு முடியலன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்க வர்றதும் தெரியாது."

7.20. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்று கோழிகளின் மூச்சைக் கேட்டேன். கிழக்கு முனையில், உப்பளத்துக்கு நீர் இறைக்கும் மோட்டார் ஓடும் பக்கம், குறையில்லை. மேற்கில், தண்ணீர்த் தொட்டியருகே, பத்து நிமிடத்தில் பதினான்கு தும்மல். மூச்சிலும் கரகரப்பு. ஆறு கோழிகளில் சளி எடுத்தேன்.

7.45. மும்தாஜின் போன் ஒலித்தது. குவைத்தில் மணி 5.15. வேலைக்குக் கிளம்புமுன் காதர் தினமும் இப்படிக் கூப்பிட்டு, கோழிகள் மூச்சுவிடுவதைக் கேட்பாராம். மும்தாஜ் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கிழக்கு முனைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க."

"நாலஞ்சு நாளா மோட்டார் சத்தத்துலயே நிக்கிற. தொட்டியாண்ட ஏன் போவ மாட்டேங்கற?"

"அங்க சிக்னல் இல்லீங்க."

"குவைத்துக்கு வர்ற சிக்னல் தொட்டிக்கு வராதா? நடம்மா."

மும்தாஜ் நடந்தார். தொட்டியருகே போனை நீட்டினார். ஒரு தும்மல். அடுத்தது. மூன்று பேரும் கேட்டோம்.

"எத்தினி நாளா?"

"அஞ்சு நாளுங்க. லேப் சார் வந்திருக்காரு."

நான் குனிந்து போனில் சொன்னேன்: "எந்தக் கிருமி, எந்த மருந்து கேக்கும்னு சனிக்கிழமை சொல்லிடறேங்க."

"நாளைக்கு முடியாதா சார்?"

"வளரணுங்க. அவசரப்படுத்த முடியாது."



"சரி. மோட்டாராண்டயே போ, கொஞ்ச நேரம் நம்மூர்ச் சத்தத்தக் கேக்கறேன். போனை வச்சிடாத."

மும்தாஜ் கிழக்கு முனைக்குத் திரும்பினார். இம்முறை கோழிகள் பக்கம் நீட்டவில்லை. கம்பிவலை வழியே கையை வெளியே விட்டு, உப்பளத்தை நோக்கிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.  8.10க்கு நான் ஆட்டோவில் ஏறியபோதும் கை வெளியேதான் இருந்தது.

8.40. திரும்பும் பேருந்து. மாதிரிகள் ஆறு, மேற்கு முனை என்று நோட்டில் குறித்தேன். வழக்கம்போல, வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் என்றும் எழுதினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த எண் மிகச் சிறியதாகத் தெரிந்தது.