ஆறு விரல் கை

என்னிடம் இருக்கும் பழைய சித்திரக்கதை இதழின் கடைசிப் பக்கத்தில், படகிலிருந்து கயிற்றை இழுக்கும் கை ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு விரல்கள். ஓவியர் அவசரத்தில் போட்ட படம். அந்த அவசரத்துக்குக் காரணம் என் அத்தான்.

அக்காவைக் கட்டிய பிறகு உடன்குடிப் பக்கமிருந்து தூத்துக்குடிக்கு வந்தவர் அவர். பகலில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா, மாலையில் கொலை. எழுபதுகளில் அவருடைய துப்பறியும் நாவல் தொங்காத பெட்டிக்கடை ஊரில் இல்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறிவிடுகிற மனுஷர், நாவலுக்கு நாலு பேரைச் சாய்ப்பார். முதல் வாசகன் நான். கொலையாளியை நான் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "மாப்ளே, எவன் மேல சந்தேகமே வராதோ அவன்தான் ஆளு" என்பார். அவர் தொழில் முழுக்க அந்த ஒரு வரியில்தான் ஓடியது.

சென்னைப் பத்திரிகை ஒன்று சித்திரக்கதைத் தொடர் கேட்டபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முத்துக்குளிப்பை வைத்துக் கதை கட்டினார். எங்கள் கரையில், முங்குகிறவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பி விடுவான்? இந்த வழக்கத்தை யாரோ சொல்லக் கேட்ட அத்தான் துள்ளிக் குதித்தார். இவனைவிடச் சந்தேகம் வராத ஆள் ஏது? மைத்துனனையே கொலைகாரனாக்கி, கடைசிக்கு முந்தின இதழில் அவன் கையில் கத்தியைக் கொடுத்து, 'தொடரும்' போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெண் இதழும் கையுமாக வந்தாள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளுக்கு என் தம்பிதான் கயிறு பிடிப்பான். இதப் பாத்துட்டு கரையில எல்லாரும் 'ஏலே, கத்தி எங்கல?'ன்னு கேலி பண்ணுதாவ. அவன் ரோசப்பட்டு, இனி கயித்தத் தொட மாட்டேங்கான். இப்ப எவனோ கூலிக்காரன் பிடிக்கான். அவிய முங்கி ஏறி வார வரைக்கும் எனக்கு உசிரே இல்ல."

"கதைதானம்மா" என்றார் அத்தான்.

"கதைதான் அண்ணாச்சி. கயிறு நெசம்லா."

அக்கா எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அத்தான் தன் டம்ளரைத் தொடவில்லை.

மறுநாள் தபாலாபீசில் டிரங்கால் போட்டோம். முடிவை மாற்றினால் இனி தொடரே கிடையாது என்று ஆசிரியர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "தர வேண்டாம் சார். இத மட்டும் மாத்திருங்க" என்று அத்தான் கெஞ்சி, போனிலேயே புது முடிவைச் சொன்னார். கடலடியில் வலை சிக்கிக்கொள்கிறது. அதை அறுத்து அக்கா புருஷனை மீட்கத்தான் மைத்துனன் கத்தியை எடுத்தான். அறுத்ததும் படகேறி, கயிற்றை அவனே இழுக்கிறான்; ஓவியர் அவசரமாய்ப் போட்ட கடைசிப் படம் அதுதான். தொடரில் அதுவரை நடந்த கொலைகளைச் செய்தவன் படகு முதலாளி. பால்வாடிப் பிள்ளைகூட ஊகித்துவிடும். அவர் எழுதியதிலேயே மோசமான முடிவு அதுதான். அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியதும் அன்றுதான்.

அதற்குப் பிறகு அவருக்குச் சித்திரக்கதை வாய்ப்பே வரவில்லை. ஆனால் இதழ் வந்த வாரமே அந்தத் தம்பி மறுபடி கயிறு பிடித்தான். அவனே வந்து ஒரு சங்கை வாசலில் வைத்துவிட்டுப் போனான். "எத்தன பேரக் கொன்னிருப்பேன் மாப்ளே, ஒருத்தன் பொழச்சுட்டுப் போறான்" என்று அத்தான் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் பார்வை மங்கிக் கிடந்தவர், என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவினார். "அஞ்சுதானா மாப்ளே? சரி, இருக்கதக் கொண்டு புடி" என்று சிரித்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மத்தியானம் அவர் போனபோதும் கை என் கைக்குள்தான் இருந்தது.

இப்போது இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது அந்த ஆறாவது விரல் பிழையாகத் தெரியவில்லை. எனக்கும் ஒரு விரல் கூடுதலாக இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருப்பேன்.