சுங்கை பெசாரில் கிளம்பி, நின்று நின்று போன பிக்கப்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுங்கை பெசார் மீன்துறையிலிருந்து புறப்பட்டோம். முன்னால் நானும் என் மனைவி புஷ்பாவும். பின்னால் மூன்று ஐஸ் பெட்டிகளில் கெம்போங் மீனும் இறாலும். வண்டி பழைய டீசல் பிக்கப். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. போக வேண்டிய இடம் புக்கிட் பெருந்துங். கடலோரச் சாலையில் தெற்கே இறங்கி, கோலா சிலாங்கூரில் உள்பக்கம் திரும்பி, பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனால் ஏறக்குறைய நூற்றுப் பத்து கிலோமீட்டர். பதினொரு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் போனால் எல்லார் வீட்டு அடுப்பிலும் குழம்பு கொதித்துவிடும்.

புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்தவன் நான். சென்ற ஆண்டு அதை மூடிவிட்டார்கள். நாங்கள் புஷ்பாவின் ஊரான சுங்கை பெசாருக்கே வந்துவிட்டோம். வேலை தேடி அலுத்தபோது, "உங்க பழைய ஆளுங்க எல்லாம் அங்கதான இருக்காங்க. நல்ல மீனு கெடைக்கலன்னு பொலம்புவாங்களே. கொண்டு போய் வித்தா என்ன?" என்று கேட்டவள் அவள்தான். என் பழைய கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி, இருபது வீடுகளுக்கு மேல் ஆர்டர் எடுத்ததும் அவள்தான். முதல் நாளே ஏமாற்றினால் இரண்டாம் நாள் என்று ஒன்று இருக்காது.

சிகிஞ்சான் வரை எந்தக் குறையும் இல்லை. இரண்டு பக்கமும் நெல்வயல், கொக்குகள், வெயில் ஏறாத காற்று. புஷ்பா மீன் விலையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். சிகிஞ்சானைத் தாண்டியதும் வண்டி இழுக்கத் திணறியது. மிதித்தேன், மேலும் திணறியது. பிறகு தானாகவே ஓய்ந்து, வாய்க்கால் ஓரமாக நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சூடு இல்லை, புகை இல்லை, ஒழுகலும் இல்லை. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் புஷ்பா.

"ஒண்ணும் செய்யல."

"அப்ப எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. ஏர்கோன் போட்டிருந்ததால்தான் நின்றது என்று முடிவு செய்து அதை அடைத்தேன். தஞ்சோங் காராங்கை நெருங்கும்போது ஏர்கோன் இல்லாமலேயே மறுபடி நின்றது.

இந்த முறை தெருமுனையிலேயே வண்டி பழுது பார்க்கும் ஒரு பெங்கேல் இருந்தது. அதை நடத்துபவர் குணா என்ற நம் ஆள். டீசல் ஃபில்டரின் தலையில் ஒரு சிறிய கைப்பம்பு இருக்கும். குழாயில் காற்றுப் புகுந்தால் அதை அமுக்கித்தான் டீசலை ஏற்றுவார்கள். குணா அமுக்கினார். பம்பின் குமிழ் உள்ளே போனது, மேலே வரவில்லை.

"ஃபில்டர் அடைச்சிக்கிச்சுண்ணே. பழைய வண்டி, எப்ப மாத்துனாங்களோ."

நாற்பத்தைந்து வெள்ளிக்குப் புது ஃபில்டர் போட்டார். குழாயைக் கழற்றி மாட்டி அமுக்கியபோது குமிழ் துள்ளி எழுந்தது. வண்டி பாட்டுப் பாடுவது போல ஓடியது. குணாவுக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி. மணி ஒன்பதரை.

கோலா சிலாங்கூர் பாலத்தைத் தாண்டும்போது ஆறு நிறைந்து கிடந்தது. பெஸ்தாரி ஜெயா சாலையில் திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். அதே திணறல். அதே ஓய்வு. புது ஃபில்டர் போட்ட வண்டி பழைய மாதிரியே நின்றது.

வண்டியை எனக்கு விற்றவர் மணியண்ணன். சுங்கை பெசாருக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்; புஷ்பா வீட்டாருக்கு நெடுநாள் பழக்கம். அவருக்குப் போன் போட்டேன்.

"நிக்குதா? என்கிட்ட ஒரு நாளும் நின்னதில்லப்பா," என்றார்.

"மூணு வாட்டி நின்னிருச்சிண்ணே."

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க, நான் வரேன்" என்றார்.

போனை வைத்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. தெரிந்தே தலையில் கட்டியவர் எதற்காக அறுபது கிலோமீட்டர் காரில் வர வேண்டும்? ஒரு குறையும் தெரியாதவர் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்?

அந்த வழியாக வேனில் வந்த ஒரு பாய் எங்களைப் பார்த்து நிறுத்தினார். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஆல்டர்நேட்டர்லா. என் வேனுக்கும் இப்படித்தான் வந்துச்சு."

"லைட்டு நல்லா எரியுதே பாய்," என்றாள் புஷ்பா.

"அப்படியா?" யோசித்தார். "அப்ப எனக்குத் தெரியலம்மா." பெட்டியைத் திறந்து பார்த்து, "இறால் வீணாப் போவும். பாதிய எனக்குக் குடுங்க, வாங்குன வெலைக்கே எடுத்துக்கறேன்" என்றார். புஷ்பா என்னைப் பார்த்தாள்; கொடுத்துவிட்டாள். அவர் தன் வேனிலிருந்து இரண்டு பை ஐஸை எடுத்து மீன் மேல் கொட்டிவிட்டுப் போனார்.

நான் மறுபடி கைப்பம்பை அமுக்கினேன். குமிழ் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. புது ஃபில்டரும் அடைத்துவிட்டதா? ஒரு மணி நேரத்திலா?

"டீசல் இருக்கான்னு பாத்தீங்களா?" என்றாள் புஷ்பா.

"மீட்டர் ஃபுல்லுக்குப் பக்கத்துல காட்டுது."

"மீட்டரு கெட்டுப் போயிருந்தா?"

அவள் போய் டேங்க் மூடியைத் திருகினாள். வரவில்லை. முந்தானையால் பிடித்து முறுக்கினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. நான் பானெட்டுக்குள் குனிந்திருந்தேன். என் கண்ணெதிரே குமிழ் தானாக மேலே எழுந்தது.

"என்னங்க, டேங்கு மூச்சு வாங்குது."

சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது.

மூடியை இறுக்கி, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தோம். வெகுநேரம் ஆயிற்று, நின்றது. மூடியைத் திறந்ததும் கிளம்பியது. டேங்குக்குள்ளிருந்து டீசல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடி இறுக்கமாக இருந்ததால் அது வர வழியில்லை; வண்டியை நிறுத்தி வைத்தால்தான் மெல்லக் கசிந்து வரும். பெங்கேலில் குழாயைக் கழற்றியபோது காற்று அது பாட்டுக்கு உள்ளே போயிருக்கிறது. நாங்கள் ஃபில்டரைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

மணியண்ணன் வந்து சேர்ந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இறங்கியதும், "வண்டிய நான் திருப்பி எடுத்துக்கறேன். புஷ்பா வீட்டு முன்னால என்னால தல குனிஞ்சி நிக்க முடியாது" என்றார். புஷ்பா மூடியை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசும்மா. பழைய மூடி தொலைஞ்சி ரொம்ப நாளாச்சு. பிளாஸ்டிக் பையத்தான் கட்டி வச்சிருந்தேன். உங்களுக்குக் குடுக்கறப்ப அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு, கடையில போயி நல்லா இறுக்கமா இருக்கறதாப் பாத்து வாங்கி மாட்டுனேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புஷ்பா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் மணியண்ணனும் சிரித்துவிட்டார்.

"அப்ப எடுத்துக்கவா, வேணாமா?"

"வேணாண்ணே," என்றாள் புஷ்பா. "இப்பத்தான் அது என்னா பேசுதுன்னு கொஞ்சம் வெளங்குது."

டேங்க் வாயில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மணியண்ணன் பெஸ்தாரி ஜெயா வரை பின்னாலேயே வந்து, கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். புக்கிட் பெருந்துங் போய்ச் சேர மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. சில வீடுகளில் சமையல் முடிந்திருந்தது. சிலர் நாளைக்கு ஆகட்டும் என்று வாங்கினார்கள். என்னோடு ஸ்டோரில் வேலை பார்த்த சரோஜா அக்கா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "மீனு நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டார். வருவோம் என்று புஷ்பாதான் சொன்னாள். நான் இன்னும் அந்த அளவுக்குத் துணியவில்லை. ஒரு பெட்டியில் பாதி மிஞ்சியது.

இத்தனை வருடம் கம்பெனி பஸ்ஸில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் வந்து போனவன் நான். பஸ் நின்றால் அது டிரைவர் கவலை. நான் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று திரும்பும்போது ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் விழுந்தது, ஒவ்வொரு சத்தமும் என் காதுக்கென்றே வந்தது. சுங்கை பெசாரின் தட்டையான சாலையில் எல்லாமே தூரத்திலேயே தெரியும். இங்கே மேடும் வளைவும். அடுத்தது என்ன என்று தெரியாது.

கோலா சிலாங்கூர் வருவதற்குள் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து 'கடக், கடக்' என்று புதிதாக ஒன்று கேட்டது. மெதுவாகப் போனால் கேட்டது; வேகமாகப் போனால் கேட்கவில்லை.

"அது என்னங்க சத்தம்?" என்றாள் புஷ்பா.

"தெரியல."

அவள் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் கவனித்தாள். நான் ரேடியோவை அடைத்தேன்.