லீக்ஸ் விலைக்கு ஓராண்டு

கடனுக்கு வழக்கிடக் காலக்கெடு வைப்பது நியாயமே என்று பல்கலைக்கழகச் சட்டப் பீட மேடையில் வாதாடி வென்றவள் நான். சாட்சிகளின் நினைவு மங்கும், பற்றுச்சீட்டுகள் தொலையும், ஒருவரின் தலைமேல் ஆயுள் முழுவதும் வழக்கைத் தொங்கவிடுவது அறமன்று என்று நான் அடுக்கியபோது எதிரணியினர் குறிப்பெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த வாதத்தை இன்றும் ஒரு சொல் மாற்றாமல் பேசுவேன். ஆனால் அந்த விடுமுறையில் ஊருக்கு, கந்தப்பளைக்கு வந்தபோது, கெடு என் அம்மாவுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் அம்மா வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் போடுவார். சென்ற ஆண்டு அறுவடை முழுவதையும் ராகலை லொறி வியாபாரி ஒருவர் வாய்ச்சொல்லில் ஏற்றிச் சென்றிருந்தார், விலை வரவில்லை. அது வந்தால்தான் அடுத்த நடவுக்கு விதை உருளைக்கிழங்கு வாங்கலாம். விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கு வழக்கிட நம் இலங்கைச் சட்டம் தருவது ஓராண்டு. அதில் சில வாரங்களே மிஞ்சியிருந்தன.

"இடையில ஒன்னுமே குடுக்கலையாம்மா?"

"ரெண்டாயிரம் கொண்டாந்தாரு. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கிறப்ப அத வாங்கி நான் என்னத்த பண்ண? சோறு போட்டு அனுப்பிட்டேன்."

கடனில் ஒரு பகுதியை வாங்கியிருந்தால் ஓராண்டு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். நோயாளி இருக்கும் வீட்டுப் பணத்தைத் தொடுவதை அம்மா பாவமென்று நினைத்தார். அந்த இரக்கத்துக்கும் சோற்றுக்கும் சட்டத்தில் இடமில்லை.

மறுநாள் ராகலைக்குப் போனோம். வியாபாரியின் மனைவிக்கென்று அம்மா ஒரு கட்டு லீக்ஸ் எடுத்துக்கொண்டார். வீட்டு முற்றத்தில் லொறி இல்லை. தவணை கட்டாததால் கடன் கொடுத்த நிறுவனத்தார் கொண்டுபோய்விட்டார்களாம். உள்ளே அவர் மனைவி தலையில் துண்டு கட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். பேருந்தில் தயாரித்து வந்த முன்னுரையை அங்கேயே கைவிட்டேன். கெடு எப்போது முடிகிறது, அதன் பிறகு அம்மா நீதிமன்றம் போக முடியாது, கணக்கில் ஒரு சிறு தொகையும் கையெழுத்திட்ட இரண்டு வரியும் கிடைத்தால் இன்னும் ஓராண்டு உண்டு என்று நேராகச் சொன்னேன்.

வியாபாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பேசாம இருந்தா தப்பிச்சிருவேன். அதையும் நீயே சொல்லித் தர்ற, பாப்பா."

"எதுக்குன்னு தெரியாதவங்ககிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது, மாமா."

"இப்படிப் பேசுனா கோர்ட்டுல ஒனக்குப் பட்டினிதான்."

சுவரோரத்திலிருந்து அவர் மனைவி சொன்னார்: "எழுதிக் குடுங்க. அவங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வந்தீங்கள்ல."

வியாபாரி எழுதினார். நான் இருமுறை படித்துப் பார்த்தபின் கையெழுத்திட்டு, ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். அம்மாவின் கை எழவில்லை. கண்கள் நோயாளியின் மேலேயே இருந்தன.

"வாங்குங்க, தங்கச்சி," என்றார் அவர். "இன்னைக்கும் வேணாம்னா, நாளைக்கு ஊருக்குள்ள நான் ஏமாத்துனவனா ஆயிருவேன்."

அம்மா இரண்டு கைகளாலும் வாங்கினார்.

திரும்பும் வழியில் பயணச்சீட்டுக்கு அந்தத் தாளைக் கேட்டேன். முந்தானை முடிச்சை அம்மா இறுக்கிக்கொண்டார். "இத ஒடைக்காத. கெழங்குக்குத்தான்."

அந்தப் பருவம் பாதி நிலத்தில்தான் கிழங்கு நட்டோம். மீதி விலை இப்போதும் துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் அவர் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார், பிறகு வாங்கிக்கொள்கிறார்.