வெள்ளி விழாவும் பவேன் ஏரியும்

பாரிசில் லா சப்பல் மெத்ரோவில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் நாலு கடை தாண்டினால், ஒரு மரக்கறிக் கடைக்குள் முருங்கைக்காயை முறித்துப் பார்க்கிறவர்களை ஒரு பெண்குரல் அதட்டுவது கேட்கும். அதுதான் இம்மாகுலேற், மன்னார்க்காரி. "முறிச்சால் நீங்களே வாங்குங்கோ அண்ணை" என்பார். வாங்காமல் தப்பியவர்கள் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன்.

கணவர் மடுத்தீன் அதே கடைக்கு வான் ஓட்டுகிறார். தங்கமான மனிதர், ஆனால் சொந்தக்காரர் என்றால் உருகிப்போவார். மனைவி ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது. வேறு யாராவது கார் ஓட்டினால் பக்கத்தில் இருந்துகொண்டு காலால் தரையை அழுத்திப் பிரேக் பிடிப்பார். இம்மாகுலேற் விழுந்தெழும்பிக் கார் ஓட்டுகிற பெர்மி எடுத்து இரண்டு வருடம் ஆகியும், கார்த் திறப்பைக் கேட்டால் "நாளைக்குப் பாப்பம்" என்பதுதான் பதில். அந்த நாளை வரவே இல்லை.

போன வருடம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தது. எங்கள் சனத்துக்கு வெள்ளி விழா என்றால் மண்டபம், மாடிக் கேக், வீடியோக்காரர், ஊரிலுள்ள அத்தனை பேரும். இம்மாகுலேற் மண்டபமே வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய குசினிச் சுவரில், வருட முடிவில் தபால்காரர் கொண்டுவருகிற கலண்டர் ஒன்றின் படம் இருக்கிறது. கலண்டர் காலாவதியாகி எவ்வளவோ காலம். படத்தை மட்டும் அவர் கழற்றவில்லை. பழைய எரிமலை வாயில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரி. தட்டுப்போல வட்டம், சுற்றிவரக் காடு. ஒவேர்ன் மலைப்பக்கத்தில் இருக்கும் பவேன் ஏரி அது.

"உங்களோடை தனிய ஒருக்கா இதைச் சுத்தி நடக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

இத்தனை வருடத்தில் இருவர் மட்டுமாக அவர்கள் எங்கும் போனதில்லை. போனதெல்லாம் கல்யாணவீடு, செத்தவீடு, லூர்து. அதுவும் வான் நிறையச் சனத்தோடு. மடுத்தீன் யோசித்துவிட்டு "ஓம்" என்றார். வெள்ளி விடியப் புறப்பட்டுச் சனி இரவுக்குள் திரும்ப வேண்டும். ஞாயிறு ஒரு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அவர்தான். அதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நன்றாகவே போனது. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் ஐதா ஏரியைப் பார்த்தார்கள், பிறகு சம்போன் ஏரி. கரையில் காரை நிறுத்திப் புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டார்கள். "ஒரு வள்ளமும் இல்லாத தண்ணியைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று மடுத்தீன் சீண்டினார். இம்மாகுலேற் சிரித்தார். பவேனை அடுத்த நாளுக்கென்று வைத்திருந்தார், நல்ல துண்டைக் கடைசிக்கு ஒதுக்குவதுபோல.

அன்று இரவு தங்கிய அறையில், இம்மாகுலேற் குளிக்கப் போன நேரத்தில் மடுத்தீனுக்குக் கை அரித்தது. கிளெர்மோன்-ஃபெரானில் பெரியம்மாவின் மகள் ஜெனிற்றா அக்கா இருக்கிறா. இவ்வளவு கிட்ட வந்துவிட்டு ஒரு சொல் சொல்லாமல் போவது எப்படி? எடுத்தார் போனை.

"வாசலுக்கு வந்திட்டு ஒரு வாய் சாப்பிடாமல் போறதோ? நாளைக்கு வாறியள்!"

காலையில் விசயம் வெளியே வந்தது. "ஒரு தேத்தண்ணிதானப்பா, குடிச்சிட்டு நேரை ஏரிக்குப் போவம்" என்றார் மடுத்தீன். கார் ஏரிக்கு எதிர்த்திசையில் திரும்பியது.

ஜெனிற்றா வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கிளெர்மோன் தமிழ்ச் சனம் முழுவதும் நிற்கிறது. பலூன், பாட்டு, இருபத்தைந்து என்று எழுதிய கேக். பாரிசில் வேண்டாம் என்ற மண்டபம் இவர்களை முந்திக்கொண்டு வந்திருந்தது. ஜெனிற்றா பாவம், இரவிரவாகச் சமைத்திருக்கிறா. அவவிலும் பிழை சொல்ல முடியாது.

கேக் வெட்டியாயிற்று, படம் பிடித்தாயிற்று. சாப்பாட்டுக்கு முதல் இன்னும் ஒரு குடும்பம் வரவேண்டுமாம். வெளியே வெயில் சாயத் தொடங்கியது. இனி இருந்தால் ஏரி இல்லை, இந்தப் பிறப்பில் இல்லை என்று இம்மாகுலேற்றுக்கு விளங்கியது. மேசையில் கிடந்த திறப்பை எடுத்தார்.

"நான் ஏரிக்குப் போறன். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

"விசரே உமக்கு? மலை றோட்டு!"

"பெர்மியிலை மலை றோட்டு ஓடக்கூடாதெண்டு எழுதேல்லை."

முதல் வளைவில் ஆமைபோல ஊர்ந்தாராம், இரண்டாவதில் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தானாம். "நல்லா அடியும் எண்டு போட்டுப் போனன்" என்று வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

ஏரி படத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனால் தனியாகப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. நடக்கவும் மனம் வராமல், காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லில் இருந்தார். கோபம் போய்க் கவலை வந்தது. அந்த நேரம் கார் நிறுத்துகிற இடத்துப் பக்கமிருந்து, ஜெனிற்றா போடக் கொடுத்த விழாச் சட்டையும் மினுங்குகிற சப்பாத்துமாக, மூச்சு வாங்க ஒருவர் வந்தார். மடுத்தீன்தான். ஜெனிற்றாவின் மருமகன் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறான்.

"மற்றவையும் வருகினமோ?"

"வெளிக்கிட்டவை. வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"சாப்பிட்டியளோ?"

"இல்லை. கோப்பையிலை போட்டதை அப்பிடியே வைச்சிட்டு எழும்பி வந்திட்டன். அக்கா இனி எங்கடை வாசல் மிதிக்க மாட்டாவாம்."

போட்ட சாப்பாட்டை விட்டு எழும்புவது எங்கள் ஆட்களிடம் சின்ன விசயமில்லை. ஏரியைப் பார்த்து அழாத இம்மாகுலேற் அப்போதுதான் அழுதார். பிறகு காருக்குள் மிச்சமிருந்த காய்ந்த புட்டை அவருக்குச் சாப்பிடக் கொடுத்தார். இருவருமாக ஏரியைச் சுற்றி நடந்தார்கள்.

காருக்குத் திரும்பி வந்ததும் மடுத்தீன் பழக்கதோசத்தில் ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு மற்றப் பக்கம் போய் ஏறினார். பாரிஸ் வரும்வரை தரையை அழுத்திக்கொண்டுதான் வந்தார். ஆனால் "நிப்பாட்டும், நான் ஓடுறன்" என்று மட்டும் சொல்லவில்லை.