இந்த பம்பு எதுக்குங்க?

ஏற்றுமதிக்குப் பேப்பர் எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்கோ இரண்டு நாடு அடித்துக்கொண்டால், கோயமுத்தூரில் தலைவலி எனக்கு வரும். சரக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் பம்பு

கணபதிப் பகுதியில் பம்பு செய்கிற பழனிசாமி அண்ணனின் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றுபோனது. போர் நடக்கிற நாட்டை ஒட்டிய ஊருக்குப் போக வேண்டியது. ராணுவத்துக்குப் பயன்படாது என்று அவர் எழுதித் தர வேண்டுமாம், சுங்கத்தில் கேட்டார்கள். கடிதத்தைத் தயார் செய்து நீட்டினேன். பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பொய்க் கையெழுத்துப் போடாத மனுஷன்.

"ஏனுங்க, பட்டாளத்துக்காரன் குளிக்க மாட்டானுங்களா?"

சுற்றுவழி

சம்பத் லேத் பட்டறை வைத்திருப்பவர். சண்டை ஆரம்பித்த பிறகு அவருடைய வால்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வாங்குகிறவர் ஒரு வழி சொல்லியிருந்தார்: வேறொரு நாட்டு வியாபாரி பேருக்கு அனுப்புங்கள், அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

"கடைசியில எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியும் சம்பத். நான் எழுத மாட்டேங்க" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பத்து வருஷப் பழக்கம் போச்சு என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"ஆர்டர் வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. ரெண்டு மிஷின் சும்மா நிக்குது. உங்களுக்குச் சந்தோசமாங்க?"



கட்டுத்துணி

கருமத்தம்பட்டி ராஜாமணி அக்காவின் தறியில் ஓடுவது காயத்துக்குக் கட்டுகிற துணி. வாங்குவது போர் நடக்கிற நாட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரி. மருத்துவச் சாமானுக்குத் தடை கிடையாது. ஆனால் நாட்டின் பேரைக் கேட்டதுமே பேங்கில் ஃபைலை ஓரமாக வைத்தார்கள். கப்பல் கம்பெனி முடியவே முடியாது என்றது. சட்டத்தின் நகலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஐந்து வாரம் கழித்து பேங்கில் ஃபைலை எடுத்தார்கள், ஒரு கப்பலும் ஒத்துக்கொண்டது.

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"நல்லதுங்க. இந்த அஞ்சு வாரமும் அங்க காயத்துக்கு என்னத்த வெச்சுக் கட்டுனாங்களோ!"

உலகத்தில் எங்கே சண்டை என்று தெரிந்துகொள்ள இப்போதெல்லாம் நான் செய்தி பார்ப்பதில்லை. காலையில் எந்த ஃபைல் திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.