கதவு திறக்காத மோஸ்ஸி டெவேன்

வயல் கதவை மோஸ்ஸி டெவேன் திறப்பதில்லை. பால் பண்ணை வேலை முடிந்து காலித் தூக்கோடு வருகிறவர், நாலடி ஓடி, கதவுக்கு மேலே தாவி, அந்தப் பக்கம் இறங்கி, எதுவும் நடக்காதது போல நடப்பார். லிமெரிக் நாட்டுப்புறத்தில் முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர் வேறு யாரும் இப்படி வீடு போய்ச் சேருவதில்லை. "திறந்தா மறுபடி மூடணுமே, ரெட்டை வேலை" என்பார். சோம்பேறி பேசும் நியாயம்தான். ஆனால் அவர் சோம்பேறி இல்லை என்பது அயர்லாந்தின் தென்பாதிக்கே தெரியும்.

நூறு கஜ ஓட்டத்தில் மற்றவர்களை ஆளுக்கேற்றபடி சில கஜம் முன்னால் நிறுத்திவிட்டு, அவரைக் கடைசிக் கோட்டில் விடுவார்கள். ஓடும்போது நாக்கைத் துருத்திக்கொள்வார், பார்க்கச் சகிக்காது. முன்னால் நின்றவர்களெல்லாம் பாதித் தூரத்துக்குள் பின்னால் போயிருப்பார்கள். பரிசாகப் பணம் வாங்கினால் பந்தயத்தை விட்டே தள்ளிவிடுவார்கள் என்பதால் ஊருக்கு ஊர் கடிகாரம் கொடுப்பது வழக்கம். வீட்டுச் சுவரெங்கும் கடிகாரம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மணி என்ன என்று கேட்டால், "உனக்கு எத்தனை வேணும், சொல்லு" என்பாள் மனைவி நோனி.

அவருக்கு எட்டாதது ஒன்றே ஒன்று. நீளம் தாண்டுதலில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கெர்ரி மாவட்டத்துக்காரன் ஒருவன் வைத்துவிட்டுப் போன அளவு. ஆள் பாஸ்டனுக்குக் கப்பலேறிவிட்டான், அளவு மட்டும் இங்கேயே இருந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சந்தைக்கு வரும் கெர்ரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்னப்பா மோஸ்ஸி, இந்த வருசமாவது தாண்டுவியா, இல்ல கதவத் தாண்டியே காலத்த ஓட்டிருவியா?" முழங்கால் வீங்க ஆரம்பித்ததும் நோனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இந்தக் கோடையோட சரி. அப்புறம் ஷூவ அடுப்புல போட்டிருவேன்."

போன ஞாயிறு, பூசை முடிந்ததும் நீளம் தாண்டும் பந்தயம். எம்பும் கோட்டருகே நடுவராகக் குதிரை வியாபாரி ஷானஸி நின்றார். கடைசித் தாவலில் மோஸ்ஸி பறந்தார். வேறு சொல் கிடைக்கவில்லை. குனிந்து கோட்டைப் பார்க்க வேண்டிய ஷானஸியும் ஊரோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "செல்லும்!" என்று கத்தினார்.

மோஸ்ஸி மணலில் குந்தியிருந்தார். கெர்ரிக்காரனின் அளவைக் காட்டும் முளை ஒரு சாண் பின்னால் இருந்தது. ஆனால் எம்பும்போதே கோட்டுச் சுண்ணாம்பு கால் நுனிக்கு அடியில் அமுங்கியது அவருக்குத் தெரியும். கோட்டை மிதித்தால் தாவல் செல்லாது. வாய்விட்டுச் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊர் முன்னால் நடுவரைத் திருத்துவது, அவர் விற்ற குதிரையை நொண்டி என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம். பேரன் காலம்வரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது.

உடம்பில் எந்தப் பாகம் கோட்டுக்குக் கிட்டத்தில் மணலைத் தொட்டதோ, அதுவரைதான் அளப்பார்கள். பாதிரியார் அளவு நாடாவோடு ஓடி வந்துகொண்டிருந்தார். மோஸ்ஸி குந்தினவாக்கில் பின்னால் சரிந்து, முளைக்கும் பின்னால் போய், பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னய்யா பண்ணிட்டே!" என்றார் பாதிரியார்.

"முழங்கா விட்டிருச்சு ஃபாதர். அளந்துக்குங்க."

"அடப்பாவி, கைக்கு வந்தது போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஷானஸி குழியை நோக்கி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மோஸ்ஸி, ஷூ நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கட்டை விரலால் துடைத்து மணலில் தேய்த்துவிட்டார்.