பெரியப்பா காட்டிய உதாரணம்

கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் அண்ணன், வங்கி மேனேஜர், ஒரே ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிசிக்ஸ் படித்தால் டியூஷன் எடுத்துத்தான் காலம் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். பெரியப்பா பேச்சை அப்பா மீறியதே இல்லை. பி.காம். படித்தேன், பரீட்சை எழுதினேன், வங்கி அதிகாரி ஆனேன். பெரியப்பாவை மட்டும் மன்னிக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் கரியாஹாட் கிளையில் கணக்கு தொடங்க வருகிறவர்களின் படிவத்தில் படிப்பு, தொழில் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. படிப்பில் இயற்பியல் என்று இருந்தால் என் கை நின்றுவிடும். எப்படி இந்த வேலைக்குப் போனீர்கள் என்று கேட்காமல் விட்டதில்லை. புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறவர், வானிலை அலுவலகத்துக்காரர், சிப் வடிவமைக்கும் பெண் என்று இருபது வருஷமாக மனசுக்குள் ஆள் சேர்த்தேன். டியூஷன் எடுக்கிறவர் ஒருவரும் வந்தார். அவரும் சந்தோஷமாகவே இருந்தார், எனக்கு வயிறு எரிந்தது.

போன மாதம் பெரியப்பாவே போன் செய்தார். அவர் பேத்தி பிசிக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். மறுநாள் விண்ணப்பிக்கக் கடைசி நாள். நான் வந்து வங்கி வேலையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமாம். இந்த ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தேன்.

அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தகராறு. அத்தை என்று வராது, பெங்காலியில் 'பிஷி' என்றுதான் கூப்பிடுவாள். அவளை எதிரில் உட்காரவைத்து, பெரியப்பா காதுபட, நான் சேர்த்த ஆட்களைப் பற்றி ஒருவர் விடாமல் சொன்னேன். இளங்கலையோடு நின்றால் பல கதவுகள் திறக்காது, ஆராய்ச்சி என்றால் வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பினாள்.

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது. "உன்னை உதாரணம் காட்டத்தானே கூப்பிட்டேன். நீ நன்னாத்தானேடி இருக்கே?"

"நன்னாத்தான் இருக்கேன் பெரியப்பா. அவ என்னை மாதிரி ஆகப்படாதுன்னுதான் வந்தேன்."

அவர் முகத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்த பேத்தி கேட்டாள்.

"பிஷி, படிச்சிருந்தா நீ இதுல எதுவா ஆயிருப்பே?"

அத்தனை பேரையும் சேர்த்தது பெரியப்பாவை மடக்கத்தான். எனக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அந்தக் கோபமும் இப்போது பெரியப்பா மேல்தான்.